காதோரம் இருக்கும் போனா, தெருமுனை டவரா: எங்கள் வீட்டில் போட்டுப் பார்த்த ஒரு கணக்கு

போன மாதம் எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒரே நாளில் இரண்டு காகிதங்கள் வந்தன. காலையில் வந்தது ஒரு கடிதம். எங்கள் மொட்டை மாடியில் செல்போன் டவர் வைக்க இடம் தந்தால் மாத வாடகை தருகிறோம் என்று கேட்டிருந்தார்கள். சாயங்காலம் வந்தது ஒரு மனு. தெருமுனைக் கடைக் கட்டிடத்தின் மேல் வரப்போகிற டவரை நிறுத்த வேண்டும், எல்லா வீட்டுக்காரர்களும் கையெழுத்துப் போடுங்கள் என்றிருந்தது. பன்னிரண்டு வீடுகள் கொண்ட பழைய கட்டிடம் எங்களுடையது, மடிப்பாக்கத்தில். இரண்டுக்கும் ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் பதில் சொல்ல வேண்டும்.

எனக்கு டவரைவிட அம்மாவின் போன்தான் முதலில் நினைவுக்கு வந்தது. அம்மாவுக்கு வயது 73. கீழ்த்தளத்தில் பின்பக்க அறை. பூஜை அலமாரிக்குப் பக்கத்தில் ஒரு பழைய டிரான்சிஸ்டர், அதை ஒட்டியே பட்டன் போன். போன் அடிப்பதற்கு ஒரு நொடி முன்னால் அந்த ரேடியோ ‘டிட்டி டிட்டி டிட்டி டுர்ர்ர்’ என்று உறுமும். பாட்டு நடுவில் அறுந்து போகும். அம்மா உடனே கையைத் துடைத்துக்கொண்டு, “மன்னார்குடிலேர்ந்து உங்க சித்தி” என்பார். அப்புறம்தான் மணி அடிக்கும். சித்தியோடு தினமும் முக்கால் மணி நேரம் பேச்சு. அறைக்குள் சிக்னல் கிடைக்காது, குரல் விட்டுவிட்டு வரும். கிரில் கேட் வரைக்கும் வந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, போனைக் காதில் அழுத்திப் பேசுவார்.

அந்த உறுமல் என்ன என்று தேடிப் படித்ததில்தான் இந்தக் கட்டுரை தொடங்கியது. 2ஜி போன் தொடர்ச்சியாக அலை வீசுவதில்லை. ஒரே அலைவரிசையை எட்டுப் பேர் முறை வைத்துப் பகிர்ந்துகொள்கிறார்கள். நம் முறை வரும்போது மட்டும் போன் ஓங்கி வீசும், மற்ற ஏழு முறையும் சும்மா இருக்கும். நொடிக்கு சுமார் 217 தடவை இப்படி வீசி நிறுத்துவதால், பக்கத்திலிருக்கும் ரேடியோவின் மின்சுற்று அதை ஒலியாக மாற்றி நமக்குச் சொல்லிவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாத ஒன்று காதுக்குக் கேட்கிறது. அத்தனை வலுவாக ஒரு பொருள் வீசுகிறது என்றால், அதே பொருளைத்தான் தினமும் முக்கால் மணி நேரம் காதில் வைத்திருக்கிறோம்.

ஆக எங்களுக்கு முன்னால் இருந்த கேள்வி டவர் வேண்டுமா வேண்டாமா என்பது மட்டுமல்ல. வீட்டில் மூன்று பேர் இருக்கிறோம். அம்மா, நான், ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகள். எங்கள் தலைக்குள் போகும் ரேடியோ அலையைக் குறைக்க எது உண்மையில் உதவும்? குறைந்த கதிர்வீச்சு எண் உள்ள போன் வாங்குவதா, பழைய பட்டன் போனே போதும் என்று இருப்பதா, டவரைத் தள்ளி வைப்பதா, பேசும் பழக்கத்தை மாற்றுவதா, அல்லது கடையில் விற்கும் ஸ்டிக்கரை ஒட்டுவதா? ஒவ்வொன்றையும் எடுத்து வைத்துப் பார்த்தேன்.

குறைந்த எஸ்.ஏ.ஆர். உள்ள போன்

போனில் *#07# என்று அடித்துப் பாருங்கள். பெரும்பாலான போன்களில் எஸ்.ஏ.ஆர். மதிப்பு திரையில் வரும். நம் உடல் ஒரு கிலோவுக்கு எத்தனை வாட் ரேடியோ ஆற்றலை உறிஞ்சுகிறது என்பதன் கணக்கு அது. இந்தியாவில் வரம்பு கிலோவுக்கு 1.6 வாட். உடல் திசுவில் ஒரு கிராம் அளவுக்குள் சராசரி எடுத்துப் பார்ப்பார்கள். 2012 செப்டம்பர் 1 முதல் இந்த வரம்பு நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு ஐரோப்பாவைப் போலவே 10 கிராமுக்குச் சராசரி எடுத்து 2 வாட் என்று வைத்திருந்தோம். பார்க்க 1.6-க்கும் 2-க்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று தோன்றும். ஆனால் சின்ன இடத்தில் சராசரி எடுக்கும்போது சூடான ஒரு புள்ளி மறைந்துகொள்ள முடியாது. 10 கிராமில் அது மற்ற இடங்களோடு கலந்து கரைந்துவிடும். அதனால் நம்முடைய வரம்பு எண்ணில் காட்டுவதைவிடக் கறாரானது. அமெரிக்காவின் வரம்பும் இதுதான்.

என் போனில் தலைக்கு 1.1 என்று வந்தது, மகளுடையதில் 0.7. “என்னோடதுதான் சேஃப்” என்றாள். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. இந்த எண்ணை எப்படி எடுக்கிறார்கள் என்று படித்த பிறகு அந்த நம்பிக்கை தளர்ந்தது.

சோதனைக் கூடத்தில் தலை வடிவத்தில் ஒரு பிளாஸ்டிக் ஓடு இருக்கும். அமெரிக்க ராணுவ ஆண்களின் தலை அளவுகளில் பெரிய பக்கத்தை எடுத்துச் செய்த வடிவம். உள்ளே மூளைத் திசுவைப் போல ஆற்றலை உறிஞ்சும் ஒரு திரவம். போனை அதன் காதில் வைத்து, போனால் முடிந்த உச்ச சக்தியில் வீச வைத்து, திரவத்துக்குள் ஒரு நுண்ணிய முனையை நகர்த்தி அளக்கிறார்கள். அதாவது திரையில் தெரிவது மிக மோசமான நிலைமைக்கான எண். நாம் பேசும்போது போன் எவ்வளவு வீசுகிறது என்பதை அது சொல்வதே இல்லை. 0.7 என்று எழுதியிருக்கும் போன் சிக்னல் இல்லாத அறையில் உச்சத்தில் கத்திக்கொண்டிருக்கும். 1.1 போன் நல்ல சிக்னலில் அதில் நூறில் ஒரு பங்குகூட வீசாமல் இருக்கலாம்.

உடலுக்கான எண்ணில் இன்னொரு சிக்கலும் உண்டு. சில நிறுவனங்கள் உடலிலிருந்து 15 மில்லிமீட்டர் தள்ளி வைத்து அளந்த எண்ணைப் போடுகின்றன, சில 5 மில்லிமீட்டரில் அளந்ததை. சட்டைப் பையில் இருக்கும் போனுக்கு 15 மில்லிமீட்டர் இடைவெளி எங்கிருந்து வரும்? இரண்டு போனின் உடல் எண்ணை ஒப்பிடும் முன் எந்த இடைவெளியில் எடுத்தது என்று பார்க்காவிட்டால் அந்த ஒப்பீட்டுக்கு அர்த்தமே இல்லை.

வரம்பே வெறும் சடங்கு என்று நான் சொல்ல வரவில்லை. 2023 செப்டம்பரில் பிரான்ஸ் நாட்டின் அலைக்கற்றை அமைப்பு ஐபோன் 12-ஐச் சோதித்தது. கையில் பிடிக்கும் நிலையில் கிலோவுக்கு 5.74 வாட் வந்தது, அங்கே கை கால்களுக்கான வரம்பு 4. விற்பனையை நிறுத்தி வைத்தார்கள். ஆப்பிள் மென்பொருளை மாற்றிக் கொடுத்தது. சந்தையில் இருக்கும் போனை எடுத்து அளக்க ஒரு அமைப்பு இருப்பதன் பயன் அது. ஆனால் வரம்புக்குள் இருக்கும் இரண்டு போன்களில் எது நல்லது என்று முடிவு செய்ய இந்த எண் உதவாது. புதுப் போன் வாங்கும்போது எண் காட்டுகிறதா, 1.6-க்குள் இருக்கிறதா என்று பாருங்கள், அது போதும். வெறும் 0.3 குறைவு என்பதற்காக ஐயாயிரம் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம்.

பட்டன் போன் பாதுகாப்பானதா

எங்கள் மாடி வீட்டு மாமி சொன்னார்: “உங்கம்மா வச்சிருக்கிறதுதான் நல்லது. இந்த டச் போன்லதான் கதிர்வீச்சு.” இதைப் பலர் நம்புகிறார்கள். பிள்ளைக்கு ஸ்மார்ட்போன் வேண்டாம், பட்டன் போன் கொடுத்தால் கதிர்வீச்சுத் தொல்லையும் இல்லை என்று நினைப்பவர்களும் உண்டு. பிள்ளை ரீல்ஸ் பார்க்காது என்பது சரி. கதிர்வீச்சு விஷயத்தில் நிலைமை தலைகீழ்.

900 மெகாஹெர்ட்ஸில் ஓடும் 2ஜி போனின் உச்ச வீச்சு 2 வாட். எட்டில் ஒரு முறை மட்டும் வீசுவதால் சராசரி கால் வாட். 4ஜி போனின் உச்சமே 0.2 வாட்தான். அதைவிட முக்கியம், 4ஜி போன் தேவைக்கு ஏற்ப வீச்சை மிக நுணுக்கமாகக் குறைத்துக்கொள்ளும். டவர் ஓயாமல் ‘இன்னும் குறை, போதும்’ என்று சொல்லிக்கொண்டே இருக்கும். 2ஜி-யிலும் இந்த ஏற்பாடு உண்டு, ஆனால் அவ்வளவு நுணுக்கம் கிடையாது. அழைப்பு இணையும் நேரத்தில் 2ஜி போன் முழு வீச்சில்தான் தொடங்கும். அதனால்தான் அழைப்பு இணைந்த பிறகு போனைக் காதுக்குக் கொண்டுபோகச் சொல்கிறார்கள். அம்மாவின் ரேடியோ மணி அடிப்பதற்கு முன்பே அத்தனை பலமாக உறுமியதற்கும் காரணம் அந்தத் தொடக்க வீச்சுதான்.

அந்தப் பட்டன்கள் அம்மாவுக்குக் கைப்பழக்கம். 5-ஆம் எண்ணின் மேல் இருக்கும் சின்னப் புடைப்பைத் தடவியே எண் போடுவார். அதை ஏன் பிடுங்க வேண்டும்? 4ஜி-யில் ஓடும் பட்டன் போன்கள் 2017 முதலே இந்தியச் சந்தையில் கிடைக்கின்றன. பட்டன் வேண்டும் என்பவர்களுக்கு என் பரிந்துரை, பட்டனை வைத்துக்கொள்ளுங்கள், 2ஜி-யை விடுங்கள்.

சிக்னல்தான் எல்லாம்

இதை எழுத உட்கார்ந்தபோது என் போனின் செட்டிங்ஸில் சிம் நிலவரப் பக்கத்தைத் திறந்துகொண்டு வீடு முழுக்க நடந்தேன். அங்கே சிக்னல் வலிமை மைனஸ் எண்ணாகத் தெரியும். எண் பெரிதாகப் பெரிதாக சிக்னல் மோசம். ஒவ்வொரு 10-க்கும் வலிமை பத்தில் ஒன்றாகக் குறைகிறது என்று அர்த்தம். மொட்டை மாடியில் மைனஸ் 71. கிரில் கேட்டில் மைனஸ் 84. கூடத்து ஜன்னலில் மைனஸ் 92. அம்மாவின் அறையில், இரும்பு பீரோவுக்கும் பாத்ரூம் சுவருக்கும் நடுவில், மைனஸ் 113.

கேட்டுக்கும் அந்த அறைக்கும் 29 வித்தியாசம். அதாவது பத்துப் பன்னிரண்டு எட்டு நடப்பதற்குள் சிக்னல் ஏறக்குறைய 800-இல் ஒரு பங்காகிவிடுகிறது. டவரின் குரல் போனுக்கு அவ்வளவு மெல்லக் கேட்கிறது என்றால், போனின் குரலும் டவருக்கு அதே கதியில்தான் போய்ச் சேரும். போன் என்ன செய்யும்? தன்னால் முடிந்த உச்சம் வரைக்கும் வீச்சை ஏற்றும். அம்மா கேட்டுக்குப் போய் நின்றது சரியான காரியம். குரல் நன்றாகக் கேட்பதற்காகப் போனார், கூடவே தலைக்குள் போகும் அலையும் குறைந்தது.

இதே கதை லிஃப்டுக்குள்ளும், ஓடும் மின்சார ரயிலிலும், சுரங்கப்பாதையிலும் நடக்கிறது. ஒரு கோடு சிக்னலில் இருக்கும்போது அரை மணி நேரப் பேச்சை ஆரம்பிக்காதீர்கள். இறங்கி, வெளியே வந்து பேசுங்கள். இத்தனை ஒப்பீட்டிலும் நான் அதிகம் மதிக்கும் யோசனை இதுதான், காசும் செலவில்லை.

டவர் விஷயத்துக்கு வருவோம்

டவரைப் பார்த்தால் பயம் வருவது இயல்பு. உயரமாக நிற்கிறது, இரவு பகலாக ஓடுகிறது, நம்மைக் கேட்டு வைப்பதில்லை. நம் போன் நம் கையில் இருப்பதால் அதன்மேல் அந்தப் பயம் வருவதில்லை.

வரம்பு என்ன என்று முதலில் பார்த்துவிடலாம். ஐ.சி.என்.ஐ.ஆர்.பி. என்ற சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்புக் குழு கொடுத்த, உலக அளவில் பின்பற்றப்படும் வழிகாட்டுதல்படி, 900 மெகாஹெர்ட்ஸ் அலைக்குப் பொதுமக்கள் இருக்கும் இடத்தில் சதுர மீட்டருக்கு 4.5 வாட் வரை இருக்கலாம். 1800-க்கு 9 வாட். அந்த எண்ணே நிறையக் கழித்து வந்தது. உடல் முழுக்கக் கிலோவுக்கு 4 வாட் உறிஞ்சினால் உடல் வெப்பம் ஒரு டிகிரி அளவுக்கு ஏறும் என்று கண்டார்கள். அதில் 50-இல் ஒரு பங்கான 0.08 வாட்டைப் பொதுமக்களுக்கு வைத்து, அதிலிருந்து இந்த எண்களை எடுத்தார்கள். இந்தியா 2012 செப்டம்பர் 1-ஆம் தேதி அதையும் பத்தில் ஒன்றாக்கியது. 900-க்கு 0.45 வாட் என்று வந்தது.

சரி, நிஜத்தில் எவ்வளவு வரும்? நானே ஒரு கணக்குப் போட்டேன். ஒரு ஆன்டெனா 20 வாட் வீசுகிறது, அதை 50 மடங்கு குவித்து ஒரே திசையில் அனுப்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் திசையில் நேர் எதிரே 50 மீட்டரில் நிற்பவருக்கு, 1000 வாட்டை அந்தத் தூரத்துக்கான கோளத்தின் பரப்பால் வகுத்தால் சதுர மீட்டருக்கு 0.03 வாட். 100 மீட்டரில் அது 0.008. தூரம் இரட்டித்தால் நாலில் ஒன்றாகிவிடும். நடுவில் சுவர் இருந்தால் இன்னும் குறையும். தெருமுனை டவர் எங்கள் வீட்டிலிருந்து நூறு மீட்டருக்கு மேல்.

இந்தக் கணக்கு டவர்காரர்களுக்கு மட்டும் சாதகமானது இல்லை. ஒரே கம்பத்தில் பல நிறுவனங்களின் ஆன்டெனாக்கள் இருந்து, பத்து வீச்சுகள் ஒரே பக்கம் திரும்பியிருந்தால் 50 மீட்டரில் 0.3 வரும். அது வரம்புக்கு வெகு தூரத்தில் இல்லை. அதனால்தான் ஆன்டெனாவின் நேர் முன்னால், அதே உயரத்தில், கிட்டத்தில் வீடு இருக்கக் கூடாது என்று தொலைத்தொடர்புத் துறை சொல்கிறது. டவரைப் பற்றிக் கவலைப்பட வேண்டியவர்கள் அதற்குக் கீழே குடியிருப்பவர்கள் இல்லை. எதிர் வீட்டு மூன்றாவது மாடிப் படுக்கையறை ஜன்னலுக்கு நேராக அந்த வெள்ளைப் பெட்டி திரும்பியிருக்கிறதா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. கீழே இருப்பவருக்கு ஆன்டெனாவின் அடிப்பக்கமும் கான்கிரீட் கூரையும்தான். டார்ச் விளக்கைக் கையில் பிடித்திருப்பவரின் காலடியில் வெளிச்சம் விழுவதில்லை, அதைப் போல.

சந்தேகம் இருந்தால் சண்டை போட வேண்டாம், அளக்கச் சொல்லலாம். 2017 மே மாதம் மத்திய அரசு ‘தரங் சஞ்சார்’ என்று ஒரு இணையதளம் தொடங்கியது. நம் பகுதியில் எங்கே டவர் இருக்கிறது, அது வரம்புக்குள் இருக்கிறதா என்று அதில் பார்ப்பதற்காக. 4,000 ரூபாய் கட்டினால் நாம் சொல்லும் இடத்துக்கு வந்து அளப்பார்கள் என்று அப்போது அறிவித்தார்கள். பன்னிரண்டு வீடு பிரித்துக்கொண்டால் தலைக்கு 333 ரூபாய்.

மனுவில் கையெழுத்துப் போட எனக்குக் கை வராததற்குக் காரணம் இதற்குள் புரிந்திருக்கும். தெருமுனை டவரை நிறுத்தினால் எங்கள் வீட்டில் மைனஸ் 113 அப்படியே இருக்கும். அம்மாவின் போனும், என் போனும், மகளின் போனும் தொடர்ந்து உச்சத்தில் வீசும், அதுவும் மண்டையோட்டை ஒட்டி. டவர் வந்தால் தெருவில் அலை கொஞ்சம் கூடும், காதில் இருப்பது வெகுவாகக் குறையும். மொத்தத்தில் எது லாபம் என்பது தெளிவு. இன்னொன்றும் இருக்கிறது. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் இந்தத் தெருக்களில் தண்ணீர் நின்றபோது போன் செத்துப்போய் நாங்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. மிக்ஜாமின்போது சித்தி மன்னார்குடியிலிருந்து இரண்டு நாள் அழைத்துக்கொண்டே இருந்தாராம். எங்களுக்கு ஒரு மணிகூட அடிக்கவில்லை.

அதற்காக எங்கள் மொட்டை மாடியைக் கொடுக்கலாமா? அதற்கு நான் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். காரணம் கதிர்வீச்சு இல்லை, கூரை. கட்டி முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. படிக்கட்டுக்கு மேல் பூச்சு பெயர்ந்து, துருப்பிடித்த கம்பி வெளியே தெரிகிறது. ஐப்பசி மழையில் மூன்றாவது மாடி வீட்டுக் கூடத்தில் வாளி வைக்கிறார்கள். அதன்மேல் கம்பமும் பேட்டரி அலமாரியும் ஜெனரேட்டரும் ஏற்றினால், வர்தா மாதிரி ஒரு காற்றில் என்ன ஆகும்? கட்டிட உறுதிச் சான்று இல்லாமல் டவருக்கு இடம் தரக் கூடாது. எங்கள் கட்டிடத்துக்கு அந்தச் சான்றை மனசாட்சியுள்ள எந்த எஞ்சினியரும் கொடுக்க மாட்டார். உறுதியான, புதிய கட்டிடம் உள்ளவர்கள் தாராளமாக யோசிக்கலாம். ஒரு எச்சரிக்கை மட்டும்: டவர் வைக்கிறோம், முதலில் வரிப் பணமோ பதிவுக் கட்டணமோ கட்டுங்கள் என்று யாராவது கேட்டால் அது மோசடி. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் இதைப் பலமுறை அறிவித்திருக்கிறது.

உண்மையில் ஆபத்து எவ்வளவு

இதைச் சொல்லாமல் ஒப்பீடு முடியாது. ரேடியோ அலைக்கு அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்தெடுக்கும் ஆற்றல் கிடையாது. எக்ஸ்ரேயும் இதுவும் ஒன்றில்லை. சூடாக்கும், அவ்வளவுதான் உறுதியாகத் தெரிந்த விளைவு.

புற்றுநோய் கேள்வி 2011 மே மாதம் பெரிதாக எழுந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு ரேடியோ அலைகளை ‘2பி’ பிரிவில் சேர்த்தது. புற்றுநோயை உண்டாக்கக் கூடும், ஆனால் சான்று குறைவு என்று பொருள். அதற்கு ஒரு காரணம் 13 நாடுகளில் நடந்த ‘இன்டர்ஃபோன்’ ஆய்வு. 2010-இல் வெளிவந்த அந்த ஆய்வில் மொத்தமாகப் பார்த்தால் ஆபத்து கூடவில்லை. மொத்தம் 1,640 மணி நேரத்துக்கு மேல் பேசியவர்களிடம் மட்டும் ஒரு வகை மூளைக் கட்டி 40 சதவீதம் கூடுதலாகத் தெரிந்தது. நோயாளிகளின் ஞாபகத்தை வைத்து எடுத்த கணக்கு என்பதால் அதில் பிழை இருக்க வாய்ப்புண்டு என்று ஆய்வாளர்களே எழுதினார்கள். 2024-இல் உலக சுகாதார நிறுவனம் கேட்டுக்கொண்டதன் பேரில் நடந்த மறுஆய்வு, 1994 முதல் 2022 வரை வந்த 63 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, செல்போனுக்கும் மூளைப் புற்றுக்கும் தொடர்பு இல்லை என்றது. பத்து வருஷத்துக்கு மேல் பேசியவர்களிடமும் இல்லை.

எனக்கு அந்த 1,640 மணி நேரம் மட்டும் மனதில் நின்றது. பத்து வருஷத்துக்குப் பிரித்தால் நாளுக்கு 27 நிமிஷம். அன்றைக்கு அதை ‘மிக அதிகம் பேசுபவர்’ என்று வகைப்படுத்தினார்கள். அம்மா அதைத் தினமும் தாண்டுகிறார். குழந்தைகளுக்கு மண்டையோடு மெல்லியது. பெரியவர்களோடு ஒப்பிட்டால் குழந்தையின் மூளையில் உறிஞ்சப்படும் ஆற்றல் சராசரியாக இரண்டு மடங்கு வரலாம் என்று 2பி பிரிவில் சேர்த்த அதே புற்றுநோய் ஆய்வு அமைப்பு எழுதியிருக்கிறது. நான் பயப்படவில்லை. ஆனால் பைசா செலவில்லாமல் இதைக் குறைக்க வழி இருக்கும்போது குறைக்காமல் இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

காதிலிருந்து தள்ளி வைப்பது

ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்துப் பேசுவதுதான் முதல் இடம். போனை ஒட்டிய இடத்தில்தான் அலையின் வலு அத்தனையும். சில சென்டிமீட்டர் விலகினாலே பல மடங்கு இறங்கிவிடும். அடுத்தது வயர் இயர்போன். ஆனால் வயரைக் காதில் மாட்டிக்கொண்டு போனைச் சட்டைப் பையில் போட்டால், தலைக்குப் போனது நெஞ்சுக்குப் போகிறது. போனை மேஜையில் வைக்க வேண்டும். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் போனை அதிலிருந்து குறைந்தது 15 சென்டிமீட்டர் தள்ளி வைக்க வேண்டும் என்பது தொலைத்தொடர்புத் துறையின் அறிவுரை.

புளூடூத்? அதுவும் ரேடியோ அலைதான், காதுக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் வழக்கமான புளூடூத் கருவியின் வீச்சு 2.5 மில்லிவாட் அளவு. 4ஜி போனின் உச்சம் 200 மில்லிவாட். 80-இல் ஒரு பங்கு. சிக்னல் இல்லாத இடத்தில் போனைக் காதில் வைப்பதைவிட புளூடூத் எவ்வளவோ மேல்.

எங்கள் வீட்டுக்கு மிகவும் பொருந்தியது வைஃபை காலிங். 2019 கடைசியில் இந்தியாவில் வரத் தொடங்கிய வசதி. வீட்டில் வைஃபை இருந்தால், போன் தூரத்து டவரோடு மல்லுக்கட்டாமல் கூடத்து ரவுட்டரோடு மெல்லப் பேசும். செட்டிங்ஸில் ஒரு பொத்தானைத் தட்டினால் போதும், தனிக் கட்டணம் இல்லை. மகளும் நானும் அன்றைக்கே போட்டுவிட்டோம். அவள் தலையணைக்கடியில் போன் வைத்துத் தூங்குவதையும் நிறுத்தச் சொன்னேன். சும்மா இருக்கும் போன் எப்போதாவது ஒரு நொடிதான் வீசும், அது பெரிய விஷயமில்லை. தலையணைக்கடியில் சூடாகும் பேட்டரியும் பறிபோகும் தூக்கமும்தான் என் கவலை.

ஸ்டிக்கரைப் பற்றி இரண்டு வரி போதும். ஒரு கடையில் 200 ரூபாய் கொடுத்து நானும் வாங்கி ஒட்டினேன். கடைக்காரர் ‘99 சதவீதம் தடுக்கும்’ என்றார். ஒட்டும் முன்னும் பின்னும் சிக்னல் எண் மாறவே இல்லை. உண்மையிலேயே தடுத்திருந்தால் சிக்னல் விழுந்திருக்கும், போனும் இன்னும் ஓங்கி வீசியிருக்கும். கழுத்தில் போடும் 5ஜி தடுப்புப் பதக்கங்களின் கதை இன்னும் மோசம். 2021 டிசம்பரில் நெதர்லாந்தின் அணுக்கதிர் பாதுகாப்பு அமைப்பு அப்படிப்பட்ட பத்துப் பொருட்களைச் சோதித்து, அவையே அணுக்கதிர் வீசுகின்றன, அணியாதீர்கள் என்று எச்சரித்தது.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் என் கருத்தைச் சொன்னேன். எங்கள் மாடி வேண்டாம், தெருமுனை டவரை எதிர்க்கவும் வேண்டாம், வந்த பிறகு எதிர்வரிசை வீடுகளுக்கு நேராக ஆன்டெனா திரும்பியிருந்தால் பணம் போட்டு அளக்கச் சொல்வோம். மாடியைக் கொடுப்பதில்லை என்பதில் எல்லோரும் ஒத்துப்போனார்கள். மனுவில் ஏழு பேர் கையெழுத்துப் போட்டார்கள், ஐந்து பேர் போடவில்லை. அளப்பதற்கான பணத்துக்குப் பன்னிரண்டு வீடும் சம்மதம்.

அம்மாவுக்கு 4ஜி பட்டன் போன் வாங்கியாயிற்று. சார்ஜரைப் பின்னறையிலிருந்து கூடத்து ஜன்னலுக்கு மாற்றினோம். ஜன்னலோரம் நாற்காலி, மேஜைமேல் போன், ஸ்பீக்கரில் சித்தி. டிரான்சிஸ்டரும் கூடவே அங்கே வந்துவிட்டது. முதல் நாள் சித்தி அழைத்தபோது அம்மா அடுக்களையில் இருந்தார். மணி நாலைந்து முறை அடித்து நின்ற பிறகுதான் ஓடி வந்தார். “ஏண்டி, இந்த போன் வர்றதை ரேடியோ சொல்லவே இல்லையே” என்றார்.